நாற்பத்தைந்து கிலோ பனி

பள்ளிக்கூடத்திலிருந்து தாள் வந்தது.
பனி ஓவரால் ஒன்று, நீர் புகாத கையுறை இரண்டு ஜோடி,
கம்பளிச் சட்டை, அதற்குள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே ஒன்று.
என் பிள்ளையை வெங்காயமாக்கச் சொல்கிறார்கள்.

குவோப்பியோவில் நவம்பர்.
மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும்.
இரண்டு பேருந்து மாறிப் பழந்துணிக் கடைக்குப் போனோம்.
கதவைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிட்டது:
சோப்பு, அட்டைப்பெட்டி, யார் வீட்டு அலமாரியோ.
பதினோரு வருஷம்
இந்த வாசனையை விற்றுத்தான் சாப்பிட்டேன்.

மபூட்டோவில் இதற்குப் பேரிடர் என்று பெயர்.
போரும் பஞ்சமும் கைகோத்து வந்த காலத்தில்
நிவாரணமாகக் கப்பலேறி வந்த துணி.
போர் போயிற்று, பஞ்சம் போய்ப் போய் வந்தது,
பெயர் மட்டும் சட்டையோடு ஒட்டிக்கொண்டது.
'புதுப் பேரிடரா? உனக்கு எடுப்பா இருக்கு'
என்று கல்யாண வீட்டில் விசாரித்துக்கொள்வோம்.

ஒரு பேல் நாற்பத்தைந்து கிலோ.
உள்ளே என்ன என்று
விற்பவனுக்கும் தெரியாது, வாங்குகிற எனக்கும் தெரியாது.
கட்டை அறுக்கும்போது வயிற்றைக் கலக்கும்.
ஒரு ஜனவரியில், தார் உருகும் வெயிலில்
கிழித்துப் பார்க்கிறேன்,
அத்தனையும் பனிக்கோட்டு.
சந்தையே சிரித்தது.
பக்கத்துக் கடை செலெஸ்டினு ஒன்றை மாட்டிக்கொண்டு ஆடி
வேர்த்து விழுந்தான்.
ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் நாலு எடுத்தார்கள்,
இரவுக் காவலாளி ஒன்று, அதுவும் கடனுக்கு.
மிச்சத்தின் ஜிப்புகளை அறுத்துத்
தையல்காரனிடம் எண்ணிக் கொடுத்தேன்.
உடம்புகளைத் தலையணைக்குள் திணித்தேன்.

சின்னச் சின்ன ஓவரால்களும் இருந்தன.
காலருக்குள் மையால் எழுதிய பெயர்கள்,
வாய்க்குள் நுழையாமல் நீள்பவை.
அந்தக் குழந்தைகள் செத்துப்போயிருக்கும் என்றுதான்
அப்போது நினைத்தேன்.
வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.
அது இங்கே வந்துதான் தெரிந்தது.

நீலத்தில் ஒன்று. அட்டையில் நூற்று முப்பத்துநான்கு.
இங்கே பிள்ளையின் உயரமே துணியின் அளவு.
டெர்சியூவைச் சுவரோடு நிறுத்திச் சாணால் அளந்தேன்.
இருபத்தெட்டு யூரோ.
அந்தக் காசுக்கு அங்கே கால் பேல் வரும்.

பதினைந்து, என்றேன்.
கடைக்கார அம்மாள் அட்டையை என் பக்கம் திருப்பி
எண்ணை மெதுவாக வாசித்தாள்,
எனக்குக் கண் தெரியாது என்பதுபோல்.
பதினெட்டு, என்றேன்.
இன்னும் மெதுவாக, இருபத்தெட்டு.
பேரம் படியவில்லை என்றில்லை,
நடப்பது பேரம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.
கோபித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன்,
முறைப்படி.
யாரும் கூப்பிடவில்லை.
கண்ணாடிக்கு வெளியே பனி.
திரும்பி வந்து எண்ணிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை, தட்டைப் பார்த்தபடி
டெர்சியூ சொன்னான்:
வகுப்பில் இல்மரி கண்டுபிடித்துவிட்டானாம்.
'அது என்னோடது, போன வருஷத்தோடது.'
எனக்கு நெஞ்சில் சோறு அடைத்தது.
எல்லார் முன்னாலுமா?
எல்லார் முன்னாலும்.
அப்புறம்?
'ஜிப் தொப்புளுக்கு நேரா சிக்கும்,
கொஞ்சம் கீழ இறக்கிட்டு இழு'ன்னான்.
அவ்வளவுதானா?
வேறென்ன சொல்லணும் என்பதுபோல் பார்த்தான்.

ராத்திரி சமையலறை விளக்கடியில்
ஜிப்பின் பற்களில் மெழுகுவர்த்தி தேய்த்தேன்.
எத்தனை ஜிப்பை அறுத்த கை.
ஏற்றி இறக்கி ஏற்றினேன். வழுக்கிக்கொண்டு போனது.
காலருக்குள் இல்மரி என்று இருந்தது.
அடிக்கவில்லை, கீழே இடமிருந்தது.

ஓடுகிற ஜிப்பை இல்மரியிடம் காட்டணுமாம்.
ஏழு மணிக்கே மாட்டிக்கொண்டு
கதவருகில் புஸ்புஸ்ஸென்று நிற்கிறான்.
விடியவே இல்லை இன்னும்.